பைபிள் உறைக்குள் ஓர் அடகுச் சீட்டு: மறைவான பாவத்தை விட்டு வெளியே வர, இருதயத்தைக் காத்துக்கொள்ள

விசுவாசத்துக்குள் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் ஞானஸ்நானம் எடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கலாம். அல்லது பிறந்ததிலிருந்தே சபைக்குப் போய்க்கொண்டிருந்து, இப்போதுதான் வேதத்தை உங்களுக்காக வாசிக்க ஆரம்பித்திருக்கலாம். முதல் சந்தோஷம் கொஞ்சம் அடங்கினதும் உள்ளே ஒரு கேள்வி எழும்பும். "எல்லாரும் நான் மாறிட்டேன்னு சொல்றாங்க. எனக்கு மட்டும் தெரிஞ்ச அந்த ஒண்ணு இன்னும் அப்படியே இருக்கே, அதை என்ன செய்ய?"

எனக்கும் அப்படி ஒன்று இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் செல்போனில் காசு வைத்து ரம்மி ஆடும் பழக்கம் என்னைப் பிடித்தது. வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு, போர்வைக்குள் சத்தத்தை அணைத்து வைத்து ஆடுவேன். நூறு, இருநூறு என்றுதான் தொடங்கியது. கையிலிருந்த பணமெல்லாம் போன பிறகு, பீரோவில் இருந்த என் மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியை எடுத்துக்கொண்டுபோய் அடகு வைத்தேன். கடையில் கொடுத்த சீட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப்பை துவைக்கப் போகும். பர்ஸை அவள் சில்லறைக்காக எடுப்பாள். கடைசியில் என் பைபிளின் ஜிப் உறைக்குள், பின்னட்டைக்கும் உறைக்கும் நடுவே செருகினேன். ஏழு மாதம் அந்தச் சீட்டோடுதான் ஆராதனைக்குப் போனேன். வேதபாடம் வாசிக்க முன்னால் போகும்போதெல்லாம் பின்னட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். சீட்டு நழுவி விழுந்துவிடக் கூடாதே!

அந்த ஏழு மாதத்திலும் அதற்குப் பிறகும் நான் கற்றுக்கொண்டதை, வேதம் சொல்லும் ஒழுங்கில் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், எது பாவம் எது பாவமல்ல என்று பிரித்துப் பாருங்கள்

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். ஒரு கெட்ட நினைவு மனதில் வந்து போனதுமே, பாவம் செய்துவிட்டோம் என்று நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சோதனை வேறு, பாவம் வேறு. யாக்கோபு 1:14, 15 இதை வரிசையாகச் சொல்கிறது: மனுஷன் தன் சொந்த இச்சையால் இழுக்கப்படுகிறான், சிக்குகிறான், பிறகு இச்சை கர்ப்பந்தரித்துப் பாவத்தைப் பிறப்பிக்கிறது. இழுக்கப்படுவதற்கும் பிறப்பதற்கும் இடையில் நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் காவல் வேலை நடக்க வேண்டும். நம் ஆண்டவரும் எல்லா விதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டார், ஆனாலும் பாவமில்லாதவர் என்று எபிரெயர் 4:15 சொல்கிறது. ஆகவே சோதனை வந்ததற்காக வெட்கப்பட வேண்டாம்.

அடுத்தது இதைவிட முக்கியம். சிறுவயதில் யாரோ உங்களிடம் தவறாக நடந்திருந்தால், அதை நீங்கள் இதுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தால், அது உங்கள் பாவம் அல்ல. உங்களுக்கு எதிராக இன்னொருவர் செய்த பாவம் அது. அதற்காக நீங்கள் மனந்திரும்ப வேண்டியதில்லை. உங்களுக்குத் தேவை ஆறுதலும் நியாயமும். இந்த இரண்டையும் கலந்து, காயப்பட்டவரையே முழங்காலில் நிறுத்தி அறிக்கை பண்ணவைக்கும் ஜெபங்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி எதற்கும் உட்படாதீர்கள். ஒரு குழந்தைக்கு இப்போது அப்படி நடக்கிறது என்று தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். "சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எல்லாத் தனிப்பட்ட விஷயமும் மறைவான பாவம் ஆகிவிடாது. உங்கள் சம்பளம், நோய், குடும்பக் கஷ்டம் இவற்றை ஊருக்கெல்லாம் சொல்லவேண்டும் என்று எந்த வசனமும் கேட்கவில்லை. எனக்கு உதவின ஓர் அளவுகோலைச் சொல்கிறேன். "இதைப் பற்றி என் மனைவியோ, கணவரோ, அம்மாவோ நேருக்கு நேர் கேட்டால் நான் பொய் சொல்லுவேனா?" சொல்லுவேன் என்று பதில் வந்தால், அங்கே ஏதோ இருக்கிறது.

மறைவான பாவம் என்றதும் பலரும் ஆபாசப் படத்தையும் கள்ளத்தொடர்பையும் மட்டும்தான் நினைக்கிறார்கள். பிரசங்கங்களும் அங்கேயே சுற்றுகின்றன. மாற்கு 7:21, 22-ல் ஆண்டவர் கொடுக்கும் பட்டியலை வாசியுங்கள். விபசாரம், கொலைபாதகம், களவு என்று போகிற அதே வரிசையில் பொருளாசை, கபடு, வன்கண் (அதாவது பொறாமை), பெருமை எல்லாம் நிற்கின்றன. சொத்துப் பாகம் பிரித்ததில் அண்ணன்மேல் வந்த கசப்பை பதினைந்து வருஷமாக உள்ளே வைத்துக்கொண்டு, ஆலயத்தில் அவர் பக்கத்திலேயே நின்று கீர்த்தனை பாடுகிறோமே, அதுவும் இந்தப் பட்டியலில் உண்டு. அவர் பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை என்று கேட்டபோது உள்ளுக்குள் மெல்ல ஒரு சந்தோஷம் வந்ததே, அதுவும்தான்.

ஆகானின் கதையை மெதுவாக வாசியுங்கள்

ஏழு நாளுக்கு ஒரு தரமாவது யோசுவா 7-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள் என்று புதியவர்களிடம் நான் சொல்வதுண்டு. எரிகோ விழுந்தபின் இஸ்ரவேலர் ஆயி என்ற சின்னப் பட்டணத்தின்மேல் போகிறார்கள். மூவாயிரம் பேர் போதும் என்று போய், 36 பேரைச் சாகக் கொடுத்துத் திரும்பி ஓடிவருகிறார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. யோசுவாவுக்கும் தெரியவில்லை. எரிகோவிலிருந்து எதையும் தங்களுக்கென்று எடுக்கக் கூடாது என்ற கட்டளையை மீறி ஆகான் என்பவன் எடுத்துவந்திருந்தான். அவன் கூடாரத்தின் தரைக்கு அடியில் அந்தக் காரணம் கிடக்கிறது: ஒரு பாபிலோனிய சால்வை, 200 வெள்ளிச் சேக்கல், 50 சேக்கல் நிறையுள்ள ஒரு பொன்பாளம்.

ஆகான் கடைசியில் தன் வாயால் சொல்வதைக் கவனியுங்கள். கண்டேன், இச்சித்தேன், எடுத்துக்கொண்டேன், புதைத்திருக்கிறது. ஏதேனில் ஏவாளுக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான்: பார்த்தாள், இச்சிக்கப்படத்தக்கது என்று கண்டாள், பறித்தாள், பிறகு ஒளிந்துகொண்டார்கள். உங்கள் விஷயத்தையும் இந்த நாலு சொல்லில் எழுதிப் பாருங்கள். எனக்கு அது இப்படி வந்தது: விளம்பரத்தைக் கண்டேன், சுலபப் பணத்தை இச்சித்தேன், சங்கிலியை எடுத்தேன், சீட்டைப் பைபிளுக்குள் புதைத்தேன். எழுதும்போது கை நடுங்கியது.

அதைவிட என்னை உலுக்கினது இன்னொன்று. குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்கச் சீட்டுப் போடும்போது முதலில் கோத்திரங்கள் வருகின்றன, யூதா குறிக்கப்படுகிறது. பிறகு வம்சங்கள், சேராகியரின் வம்சம். பிறகு சப்தியின் வீட்டார். அதற்குப் பிறகுதான் ஆள் ஆளாக. ஒவ்வொரு கட்டத்திலும் வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஆகானுக்கு வாய் திறக்க இடம் இருந்தது. அவன் திறக்கவில்லை. கேட்கும்வரை காத்திருந்தான். உங்கள் வாழ்க்கையிலும் வட்டம் சுருங்கிக்கொண்டு வருவதாக உணர்ந்தால், அது தேவன் உங்களை மாட்டிவிட விரிக்கும் வலை என்று நினைக்காதீர்கள். பேசுவதற்கு அவர் உங்களுக்குக் கொடுக்கும் நேரம் அது.

அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆயியின் கொள்ளையை ஜனங்கள் தங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று யோசுவா 8:2-ல் தேவனே அனுமதி கொடுக்கிறார். ஆகான் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் நேர்வழியிலேயே அவனுக்குப் பங்கு கிடைத்திருக்கும்.

தேவனிடம் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள்

"ஆண்டவரே, தெரிந்தும் தெரியாமலும் செய்த எல்லாப் பாவங்களையும் மன்னியும்." இந்த ஜெபத்தை நாம் எல்லாருமே செய்கிறோம், அது தவறில்லை. ஆனால் நான் அந்த ஏழு மாதமும் தினமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் ரம்மி என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. பொதுவான ஜெபத்துக்குப் பின்னால் நான் நன்றாகவே ஒளிந்துகொண்டிருந்தேன்.

தனியாக உட்காருங்கள். முடிந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், வீட்டில் ஆள் இருந்தால் மொட்டைமாடிக்குப் போய் மெதுவாகச் சொல்லுங்கள். என்ன செய்தீர்கள், எத்தனை தரம், யாருக்கு நஷ்டம், அதை மறைக்க என்னென்ன பொய் சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றாக. "ஆனா அவங்க மட்டும் அப்படிப் பேசாம இருந்திருந்தா" என்று ஒரு வாக்கியம் நடுவில் வரும். அதை விட்டுவிடுங்கள். 1 யோவான் 1:9 உங்கள் கையில் இருக்கட்டும்: "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்." பாவம் எவ்வளவு சின்னது என்றோ நாம் எவ்வளவு அழுதோம் என்றோ பார்த்து அவர் மன்னிப்பதாக இந்த வசனத்தில் இல்லை. அவர் உண்மையுள்ளவர் என்பதுதான் காரணம்.

வார்த்தை வராதவர்கள் சங்கீதங்களை எடுத்துக்கொள்ளலாம். பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் கணவன் உரியாவைச் சாகடித்த காரியத்தைத் தாவீது மறைத்துவைத்திருந்த காலம் குறைவல்ல. பத்சேபாளுக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் அதைக் கண்டித்துப் பேச நாத்தான் தீர்க்கதரிசி வருகிறார். அடக்கிவைத்தவனின் உடம்பு எப்படி இருக்கும் என்பதை 32-ஆம் சங்கீதம் சொல்கிறது: "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று." சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல், யாராவது சாதாரணமாகக் கூப்பிட்டாலும் திடுக்கிட்டுத் திரும்பின நாட்கள் எனக்குத் தெரியும். அந்த வசனம் அதை அப்படியே சொல்லிவிடுகிறது. அறிக்கையிடும்போது 51-ஆம் சங்கீதத்தை உங்கள் சொந்த வார்த்தையாக வாசியுங்கள்.

நீங்கள் சி.எஸ்.ஐ. அல்லது லுத்தரன் சபையில் இருந்தால், ஆராதனையில் பொதுப் பாவ அறிக்கை சொல்லும் இடத்தை வேகமாக ஒப்பித்துக் கடந்துவிடாதீர்கள். உங்கள் விஷயத்தை மனதில் அங்கே கொண்டுவந்து வையுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. பெரியவர்கள் இன்றும் பாவசங்கீர்த்தனம் என்றுதான் சொல்வார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் இதற்கென்று எழுதப்பட்ட முறை கிடையாது, ஆகையால் அங்கே இருப்பவர்கள் அடுத்த படியை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறோம். "ஆண்டவர்கிட்ட சொல்லியாச்சு, மனுஷன்கிட்ட எதுக்கு?" என்று கேட்போம். மன்னிப்புக்காக மனுஷனிடம் போக வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் யாக்கோபு 5:16 சொஸ்தமடைவதைப் பற்றிப் பேசுகிறது: "நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்." மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி தம் சிறு குழுக்களுக்கு 1738-இல் எழுதின விதிகளும் இந்த வசனத்திலிருந்துதான் தொடங்குகின்றன. நாலைந்து பேர் வாரம் ஒரு முறை கூடி, கடந்த வாரம் என்ன பாவம் செய்தோம், என்ன சோதனை வந்தது, எப்படித் தப்பினோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

யாரிடம் சொல்வது என்பதில் அவசரப்படாதீர்கள். நம் சபைகளில் ஒரு பழக்கம் இருக்கிறது, வருத்தத்தோடுதான் சொல்கிறேன். "அந்தத் தம்பிக்காக ரொம்ப ஜெபிச்சுக்கோங்க, வெளியே சொல்லாதீங்க" என்று ஒருவர் இன்னொருவரிடம் ஜெபக்குறிப்பாகக் கொடுப்பார். அது சனிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்குள் நாலு தெரு தாண்டிவிடும். அதனால் நீங்கள் தேர்ந்தெடுக்கிறவர் மற்றவர்களைப் பற்றி உங்களிடம் என்ன பேசுகிறார் என்று முதலில் கவனியுங்கள். அடுத்தவர் ரகசியத்தை உங்களிடம் சொல்கிறவர் உங்கள் ரகசியத்தையும் சொல்வார்.

ஆண் ஆணிடமும், பெண் பெண்ணிடமும் போவது நல்லது. உங்களைவிட விசுவாசத்தில் பழகினவராக, தானும் எங்கோ விழுந்து எழுந்ததை ஒப்புக்கொள்கிறவராக இருக்கட்டும். அது போதகராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு மூப்பர், பைபிள் வுமன், கூட வேலை செய்யும் ஒரு விசுவாசி என்று யாராகவும் இருக்கலாம். சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடித்து எல்லாரிடமும் கொட்டிவிடாதீர்கள். அந்த நிமிஷம் இலேசாக இருக்கும். திங்கட்கிழமை உங்கள் மனைவியோ பிள்ளையோ தெருவில் நடக்க முடியாமல் போகும். வாட்ஸ்ஆப்பில் எழுதியும் அனுப்பாதீர்கள்.

கூப்பிடும்போது அதிகம் பேச வேண்டாம். "அண்ணே, ஒரு அரை மணி நேரம் தனியா பேசணும்" என்றால் போதும். நேரில் உட்கார்ந்ததும் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நான் தேர்ந்தெடுத்த சபை அண்ணனிடம் போன அன்று மழை, பெட்ரோல் விலை, சபைக் கட்டட நிதி என்று நாற்பது நிமிஷம் சுற்றினேன். அண்ணன் கடைசியில் தன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, நீ சொல்ல வந்தது இதுல எதுவும் இல்லை" என்றார். அப்போதுதான் அழுதேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. வசனம் எதுவும் சொல்லவில்லை. எவ்வளவு கடன், வட்டி என்ன, எந்தத் தேதிக்குள் மீட்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இதை வீட்டுல எப்போ சொல்லப்போற?" என்று கேட்டார்.

உங்களிடம் யாராவது இப்படி வந்தால், நீங்களும் அப்படியே இருங்கள்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள்

நீதிமொழிகள் 28:13-ல் இரண்டு வினை இருக்கிறது: அறிக்கைசெய்து, விட்டுவிடுகிறவன். பணமோ பொருளோ பேரோ கெட்டிருந்தால், விட்டுவிடுவது என்பதற்குள் சரிசெய்வதும் அடங்கும். லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின்படி ஏமாற்றி எடுத்தவன் முழுவதையும் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். வரி வசூலிப்பவரான சகேயு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்றார். உங்களால் ஒரே நாளில் முடியாது என்றால் தவணை போடுங்கள். ஆனால் தேதியும் தொகையும் எழுதி வையுங்கள். ஒருவரைப் பற்றிப் பொய் பரப்பியிருந்தால், யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்களிடம் திரும்பப் போய், நான் சொன்னது உண்மையில்லை என்று சொல்ல வேண்டும். பணத்தைத் திருப்புவதைவிட இது கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் மனம் இலேசாக வேண்டும் என்பதற்காக இன்னொருவர் வீட்டைக் கொளுத்திவிடாதீர்கள். ஒருவர்மேல் உங்களுக்கு உள்ளே இருந்த இச்சையையோ பொறாமையையோ அவரிடமே போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்பது பெரும்பாலும் அவருக்குத்தான் பாரம். அப்படிப்பட்டதை தேவனிடமும், நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஒருவரிடமும் சொன்னால் போதும். மூன்றாவது ஆள் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் வேறு யாரிடமும் சொல்லும் முன் அந்த ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

நான் வீட்டில் சொன்னது ஒரு வியாழக்கிழமை ராத்திரி. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடித்ததும், "சீட்டு எங்க?" என்றாள். நான் எழுந்துபோய்ப் பைபிளை எடுத்துவந்து, ஜிப்பைத் திறந்து, பின்னட்டைக்குள் விரலை விட்டு அதை எடுத்துக் கொடுத்தேன். அவள் சீட்டைப் பார்க்கவில்லை. பைபிளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதுக்குள்ளயா?" என்றாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "உங்க போன் நம்பர்லாக் என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். அந்த எண்ணை இன்றுவரை நான் மாற்றவில்லை. சங்கிலியை மீட்க 11 மாதம் ஆனது.

இனி காவல்

"எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள், அதினிடத்தினின்று ஜீவஊற்று புறப்படும்." நீதிமொழிகள் 4:23 எல்லாருக்கும் மனப்பாடம். அடுத்த நாலு வசனத்தையும் சேர்த்துப் படிப்பவர்கள் குறைவு. 24-ல் வாயும் உதடும், 25-ல் கண், 26, 27-ல் கால். இருதயத்தைக் காக்கச் சொன்ன ஞானி உடனே வாய்க்கும் கண்ணுக்கும் காலுக்கும் வந்துவிடுகிறார். வேதத்தில் இருதயம் என்பது உணர்ச்சி மட்டும் அல்ல. யோசிக்கிற, தீர்மானிக்கிற இடம் அது. அதற்குள் போகும் வழிகள் இந்த உறுப்புகள்தான். ஆகையால் காவல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நல்லதையே நினைக்க முயல்வது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் எங்கே நடக்கிறேன், எதைப் பார்க்கிறேன், என்ன பேசுகிறேன் என்பதை மாற்றுவது.

எருசலேமின் அலங்கம், அதாவது மதில், கட்டி முடிந்ததும் நெகேமியா செய்த ஏற்பாட்டை 7:3-ல் பாருங்கள். வெயில் ஏறும்வரை வாசல்களைத் திறக்கக் கூடாது. ஆட்கள் நிற்கும்போதே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். குடிகள் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிராகக் காவல் நிற்க வேண்டும். நேரம், தாழ்ப்பாள், அவரவர் வீடு: இந்த மூன்றையும் நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நேரம். நீங்கள் விழுவது பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான் இருக்கும். எனக்கு அது இரவு பதினொன்றிலிருந்து ஒன்று வரை. ஒரு சகோதரிக்கு, மாமியார் வீட்டிலிருந்து போன் வந்து முடிந்த அரை மணி நேரம். ஒரு வாரம் தேதியும் நேரமும் குறித்து வாருங்கள். தெரிந்துவிடும்.

தாழ்ப்பாள். சோதனை வந்த பிறகு எதிர்த்து நிற்பேன் என்று நினைக்காதீர்கள். போத்திபாரின் மனைவி பிடித்து இழுத்தபோது யோசேப்பு நின்று வாதாடவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினார். ரம்மி ஆடும் ஆப்பை அழித்தேன், இரவு பத்து மணிக்குப் போனை சமையலறை அலமாரியில் சார்ஜில் போட்டுவிட்டு வந்துவிடுவேன். எழுப்பிவிட ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கினேன். சம்பளக் கணக்கின் ஓ.டி.பி. மனைவியின் போனுக்கு வருமாறு மாற்றினோம். சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் இவை இல்லாமல் என் ஜெபம் தாங்கியிருக்காது என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

அவரவர் வீடு. அடுத்தவர் பாவத்துக்குக் காவல் நிற்பது சுலபம், சபையில் அதற்கு ஆள் குறைவே இல்லை. நீங்கள் உங்கள் வீட்டுக்கு எதிரே நில்லுங்கள்.

பிறகு, காலியாக்கின இடத்தை நிரப்புங்கள். அசுத்த ஆவி விட்டுப்போன வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டு வெறுமையாக இருந்ததால்தான் வேறு ஏழு ஆவிகளோடு அது திரும்பி வந்தது என்று மத்தேயு 12-ல் ஆண்டவர் சொல்கிறார். எனக்கு இரவு பதினொரு மணிக்கு மேல் வரும் அந்த நேரத்தை நிரப்புவது பெரும்பாடாக இருந்தது. முதல் மாதம் சங்கீதம் 119-ஐ எட்டெட்டு வசனமாகக் கையால் எழுதினேன், 22 பகுதி, 176 வசனம். எழுதிக்கொண்டே தூங்கிப்போனதும் உண்டு. வசனத்தை மனதில் வைப்பது எதற்கென்று அதே சங்கீதம் 11-ஆம் வசனத்தில் சொல்கிறது: பாவஞ்செய்யாதபடிக்கு.

படுக்கும் முன் இரண்டு நிமிஷம் சங்கீதம் 139-இன் கடைசி இரண்டு வசனங்களைச் சொல்லி, அன்றைய நாளைத் திரும்பிப் பாருங்கள். இரண்டே நிமிஷம்தான். இளகின மனசுக்காரர்கள் சிலர் இதை ஒரு மணி நேரம் இழுத்து, இல்லாத பாவத்தையெல்லாம் தோண்டித் தங்களையே வதைத்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே அறிக்கையிட்ட ஒன்றை மறுபடி மறுபடி அறிக்கையிட வேண்டும்போல் இருந்தால், தூக்கம் கெட்டால், வாழ்ந்து என்ன பயன் என்ற நினைவு வந்தால், தயங்காமல் மருத்துவரிடம் போங்கள். 14416 அரசின் இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம். குடியோ சூதாட்டமோ அளவு மீறிப் போயிருந்தாலும் ஜெபத்தோடு சிகிச்சையும் வேண்டும். மருத்துவரிடம் போனால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

மறுபடியும் விழுந்தால்

விழக்கூடும். நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகள் 24:16-ல் இருக்கிறது. விழுந்த அன்றைக்கே எழுந்திருப்பதா, ஆறு மாதம் கழித்தா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்றே சொல்லாவிட்டால் மறைக்கும் வேலை மறுபடி ஆரம்பித்துவிடும். ஆகான் கல்லெறிந்து கொல்லப்பட்ட அதே ஆகோர் பள்ளத்தாக்கைத்தான், பல நூற்றாண்டுகள் கழித்து, நம்பிக்கையின் வாசலாகத் தருவேன் என்று ஓசியா 2:15-ல் தேவன் சொல்கிறார். உங்கள் மோசமான இடத்தைப் பற்றியும் அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்.

சொன்ன நான்காவது மாதம் நான் விழுந்தேன். வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தேன். லாட்ஜ் அறையில் தனியாக இருந்தேன், போன் கையில் இருந்தது. ஆப்பைத் திரும்ப இறக்கி ஐந்நூறு ரூபாய் தோற்றேன். மணி பன்னிரண்டரை. இந்த நேரத்தில் எப்படிக் கூப்பிடுவது என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். பிறகு கூப்பிட்டுவிட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே அண்ணன் எடுத்தார்.

"அண்ணே, மறுபடி விழுந்துட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவர் எழுந்து லைட்டைப் போடும் சத்தம் கேட்டது.

"சரி. எவ்வளவு?"

"ஐந்நூறு."

"போனை ரிசப்ஷன்ல கொடுத்துட்டு, காலையில வாங்கிக்கிறேன்னு சொல்லு. வீட்டுக்கு நாளைக்கு நீயே சொல்லிடு. இப்போ போன் வைக்காத, ஜெபம் பண்ணிட்டு வைப்போம்."